ராமநாதபுரம் கடற்கரையில் பல் டாக்டருக்கு மாதம் உண்மையில் எவ்வளவு கையில் நிற்கும்?

தொண்டிக்காரி | வெள்ளி, இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கம். பி.டி.எஸ். நாலு வருஷம் முடிச்சு இப்ப ஹவுஸ் சர்ஜன். இன்னும் நாலு மாசத்துல பயிற்சி முடியுது. அப்பா தொண்டியில நாட்டுப்படகு வச்சிருக்கார். தனியார் கல்லூரியில கவுன்சிலிங் சீட்டு, கல்விக்கடன் 7.5 லட்சம். வட்டியும் சேர்ந்து தவணை மாசம் 13,000 பக்கம் வரும்னு பேங்க்ல சொல்லிட்டாங்க.

ரெண்டு இடத்துல வேலைக்குக் கேட்டேன். சென்னையில நிறைய கிளை இருக்கிற ஒரு பல் மருத்துவமனை 22,000 தர்றேன்னு சொன்னாங்க, ஆனா மாசம் இவ்வளவு ரூபாய்க்கு வேலை பிடிச்சுக் காட்டணும்னு டார்கெட். ராமநாதபுரம் டவுன்ல ஒரு கிளினிக் 12,000. காலை பத்துல இருந்து ராத்திரி எட்டு வரை. அந்த டாக்டர், "கல்யாணம் ஆனா போயிடுவீங்களேம்மா, அதான் இவ்வளவு"ன்னு நேராவே சொன்னார். அன்னைக்கு பஸ்ல வர்றப்ப அழுதுட்டேன்.

சொந்தக்காரங்க எல்லாம் "டாக்டராயிட்ட, இனிமே லட்சத்துலதான்"னு சொல்றாங்க. நெட்ல தேடினா ஒருத்தர் 15,000, இன்னொருத்தர் 3 லட்சம். நம்ம கடற்கரையில வேலை பார்க்கிறவங்க யாராவது உண்மையான கணக்கு சொல்லுங்க. தொண்டியிலயே சின்னதா ஒரு கிளினிக் போட்டா கடனை அடைக்க முடியுமா?

கீழக்கரை காக்கா | வெள்ளி, இரவு 10:51

தங்கச்சி, மனசு விட்டுடாதீங்க. நான் டாக்டர் இல்லை, எங்க வீட்ல அவங்க பி.டி.எஸ்., ஷார்ஜாவுல ஆறு வருஷமா பார்க்கிறாங்க. வளைகுடா ஆசை இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க: படிச்ச கையோட அங்க போக முடியாது. குறைஞ்சது ரெண்டு வருஷ அனுபவம் கேட்பாங்க, சான்றிதழ் சரிபார்ப்பு, அங்க வேலை பார்க்கிறதுக்கான உரிமப் பரீட்சை எல்லாம் தாண்டணும். அங்க சம்பளம்னு ஒரு தொகை, இல்லைன்னா பண்ற வேலையில இத்தனை சதவீதம், எது கூடவோ அது. முதல் வருஷம் பேஷண்ட் சேர்ற வரை சம்பளம்தான் கிடைச்சுது.

உள்ளூர் கணக்கை டாக்டர்மார் சொல்லட்டும்.

அரசு ஓபி | சனி, காலை 6:35

அரசு வேலை பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக உதவி மருத்துவர் (பல்) ஆனால் அடிப்படைச் சம்பளம் 56,100-இல் தொடங்கும், அகவிலைப்படி தனி. பணி நேரம் போகத் தனியாகப் பார்க்கவும் தமிழ்நாட்டில் இடமுண்டு. சிக்கல் என்னவென்றால் இடங்கள் கொஞ்சம், அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி சென்னை, சிதம்பரம், 2023-இல் திறந்த புதுக்கோட்டை, அவ்வளவுதான். தனியார் கல்லூரிகளோ முப்பதை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள். டவுன் கிளினிக்கில் 12,000 என்று துணிந்து சொல்வதற்கு அதுதான் காரணம். நீங்கள் மாட்டேன் என்றால் நாளைக்கு இன்னொருவர் வருவார் என்று அவருக்குத் தெரியும்.

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தில் ஒப்பந்தப் பணி வந்தால் விடாதீர்கள். நான் சேர்ந்தபோது தொகுப்பூதியம் 34,000. நிரந்தரம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பேரைப் பார்ப்பீர்கள். இரண்டு வருடத்தில் கை வந்துவிடும். தனியார் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பல் சுத்தம் செய்வதையும் மருந்துச் சீட்டு எழுதுவதையும் தவிர எதுவும் தர மாட்டார்கள்.

உப்புக்காற்று | சனி, காலை 7:12

தங்கச்சி, நான் இந்த மாவட்டத்துக் கடற்கரையில் ஒரே ஒரு சேர் போட்டு 13 வருடமாகப் பார்க்கிறேன். பி.டி.எஸ். மட்டும்தான். ஊர் பெயர் வேண்டாம், மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வெளியே வந்தபோது ஒருவரும் எனக்குக் கணக்கைத் திறந்து காட்டவில்லை. அதனால் முதல் மூன்று வருடம் வீணாய்ப் போனது. என் நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

நம் தொழிலில் "கலெக்‌ஷன்" என்று ஒன்று உண்டு. நாள் முடிவில் டிராயரில் இருக்கும் பணம். டாக்டர்கள் கூடிப் பேசும்போது சொல்வதெல்லாம் இந்தத் தொகையைத்தான். கையில் நிற்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

போன மார்ச்சில் என் கலெக்‌ஷன் 1,86,000. நல்ல மாதம். அதில் லேபுக்கு 31,000. பல் கட்டுவது, கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை), பல் செட் எல்லாம் மதுரை லேபில் செய்து வருவது. மருந்து, சிமெண்ட், பைல் (பல் வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி), கையுறை என்று சாமான்களுக்கு 19,000. வாடகை 9,000. உதவிக்கு இரண்டு பெண்கள், இருவருக்கும் சேர்த்து 18,000. மதுரையில் இருந்து வரும் ஸ்பெஷலிஸ்டுகள், அதாவது கம்பி கட்டுபவரும் ஞானப்பல் எடுக்கும் சர்ஜனும், அவர்கள் பங்கு 27,000. கரண்ட் 5,500. மருத்துவக் கழிவு எடுக்கும் வண்டி, தண்ணீர், போன், சில்லறை 4,500. டிஜிட்டல் எக்ஸ்ரேக்கும் புதுச் சேருக்கும் வாங்கிய கடனுக்குத் தவணை 14,000. ரிப்பேருக்கென்று எடுத்து வைப்பது 6,000. கூட்டிப் பாருங்கள், 1,34,000. மீதி 52,000.

இனி மே மாதம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கரையில் நிற்கும்போது ஊரில் யாரும் பல்லுக்குப் பணம் எடுக்க மாட்டார்கள். வலி தாங்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை. கலெக்‌ஷன் 94,000. லேபும் சாமானும் ஸ்பெஷலிஸ்ட் பங்கும் குறைந்து மூன்றும் சேர்ந்து 35,000. வாடகை அதே 9,000. சம்பளம் அதே 18,000. ஏசி ஓடியதில் கரண்ட் 6,000. மற்றவை 4,500. தவணை 14,000. ரிப்பேர் 6,000. மொத்தம் 92,500. எனக்கு நின்றது 1,500 ரூபாய்.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கலெக்‌ஷன் பாதியானால் நம் வருமானம் பாதியாகாது. ஒன்றுமே இல்லாமல் போகும். ஏனென்றால் பேஷண்ட் வந்தாலும் வராவிட்டாலும் போகிற பணம்தான் அதிகம். கிளினிக் போடும்போது அழகான உள்வேலைப்பாட்டுக்கும் பெரிய கண்ணாடிக் கதவுக்கும் கடன் வாங்குபவர்கள் தோற்றுப்போவது இங்கேதான். வருடம் முழுதும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மாதச் சராசரி 40,000-க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. முதல் வருடத்தில் என் மாதச் சராசரி 6,000. நான்காவது வருடம்தான் 20,000-ஐத் தொட்டேன்.

பாம்பன் வலை | சனி, காலை 8:40

டாக்டரண்ணே, கோவிச்சுக்காம ஒண்ணு கேக்குறேன். பல்லு புடுங்க 300 ரூவா. அதே பல்ல வச்சுக்கணும்னா வேர் சிகிச்சை 3,500, மேல கேப்பு 3,000. எங்க பக்கம் கடலுக்குப் போறது வாரத்துல மூணு நா. போனாலும் நேவிக்காரன் புடிக்காம, வலைய அறுக்காம வந்தாத்தான் காசு. 6,500 ஒரு பல்லுக்குன்னா எப்புடிண்ணே? உங்களுக்கு நிக்கிறது 40,000ன்னு சொல்றீங்க, நம்புறேன். ஆனா எங்க காசு எங்கதான் போவுது?

உப்புக்காற்று | சனி, மதியம் 2:05

தம்பி, இதில் கோபிக்க என்ன இருக்கிறது. இந்தக் கேள்வியை நேரில் கேட்காமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

கீழ்க் கடவாய்ப் பல் ஒன்றைச் சொல்கிறேன். அதற்குள் மூன்று, சில பேருக்கு நான்கு வேர்க்குழல். ஒவ்வொன்றும் நூல் கனம். மரப்பு ஊசி போட்டு, பல்லைத் திறந்து, பைல் விட்டு ஒவ்வொரு குழலாகச் சுத்தம் செய்து, மருந்தால் கழுவி, எக்ஸ்ரே எடுத்து நீளம் பார்த்து, அடைக்க வேண்டும். எனக்கு இரண்டு தடவையாக மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் வேறு யாரையும் சேரில் உட்கார வைக்க முடியாது. பைல் ஒரு செட் 1,500 ரூபாய், சில பல்லுக்குமேல் அதைப் பயன்படுத்தினால் உள்ளே முறிந்துவிடும். சாமான், எக்ஸ்ரே, உதவியாளர் நேரம் எல்லாம் போக 3,500-இல் எனக்கு 1,600 நிற்கும். கேப்பில் லேபுக்கு 800, அளவெடுக்கும் சாமான் 300. பல் எடுப்பதில் 300-க்கு 150 நிற்கும், ஆனால் பதினைந்து நிமிட வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஆட்களின் முன்பல்லைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். வலை பின்னும்போது நைலான் நூலை எப்போதும் ஒரே பல்லில் கடித்து அறுப்பதால், கீழ் முன்பல்லின் நுனியில் ரம்பத்தால் அறுத்ததுபோல் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். போன தை மாதம் ஒரு பெரியவர் வந்தார், அறுபது வயதிருக்கும். பள்ளம் பல்லின் பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது. "கூசுது, நூல் கடிக்க முடியலை"என்றார். வலி கூட அவருக்குப் பெரிதில்லை, வேலை நின்றதுதான் பெரிது. பல் நிறத்தில் அடைத்துவிட்டு 700 வாங்கினேன். "இனிமேல் கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்றேன். கத்தரிக்கோல் எடுத்து வைத்து எடுத்து வைத்து ஒரு நாளைக்கு எத்தனை முடிச்சுப் போடுவது என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. எட்டு மாதத்தில் அடைத்தது பெயர்ந்து மறுபடி வந்தார். மறுபடி காசு வாங்க மனம் வரவில்லை.

கடலோரத்தில் வருமானம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம், தங்கச்சி. ஆட்களை முகம் பார்த்துத் தெரியும். கடலுக்குப் போக டோக்கன் கிடைக்காத வாரம் எது என்று நமக்கும் தெரியும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பாம்பன் வலை | சனி, மதியம் 2:31

புரியுதுண்ணே. தவணையா வாங்குவீங்களா?

உப்புக்காற்று | சனி, மதியம் 2:44

வாங்குவேன் தம்பி. வேர் சிகிச்சைக்கு முதலில் 1,500, மீதியைக் கேப் போடும் அன்று. தடைக்காலத்தில் வலியை மட்டும் நிறுத்தி தற்காலிகமாக அடைத்து வைத்துவிட்டு, ஜூன் 15-க்கு மேல் வரச் சொல்வதும் உண்டு. ஆனால் வரச் சொன்னால் வர வேண்டும். தற்காலிக அடைப்போடு ஒரு வருடம் கடலுக்குப் போய்விட்டு, பல் இரண்டாகப் பிளந்தபிறகு வருகிறவர்கள்தான் பாதி. அப்போது பல்லும் போச்சு, கொடுத்த காசும் போச்சு, டாக்டர் சரியில்லை என்ற பெயர் மட்டும் நிற்கும்.

மெழுகும் பீங்கானும் | சனி, மாலை 5:18

நான் மதுரையில் பல் லேப் வைத்திருக்கிறேன். சொந்த ஊர் பரமக்குடி. ராமநாதபுரம் பக்கத்து டாக்டர்கள் இருபது பேருக்கு மேல் எனக்கு அனுப்புகிறார்கள். வருமானத்தில் லேபுக்கு உள்ள பங்கை டாக்டர்களே சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்பது என் எண்ணம்.

பஸ் பார்சலில் அளவு வருகிறது. பச்சை நிற ஆல்ஜினேட்டில் அளவெடுத்து, பிளாஸ்டர் ஊற்றாமல் அப்படியே ஈரத் துணியில் சுற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டரை, மூன்று மணி நேரம் பஸ்ஸில் வெயிலில் வரும்போது அது சுருங்கிவிடும். அந்த அளவுக்கு நான் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கேப் உட்காராது. டாக்டர் தேய்த்துத் தேய்த்து உட்கார வைப்பார், விளிம்பில் இடைவெளி விழும், இரண்டு வருடத்தில் உள்ளே சொத்தை. பேஷண்ட் திரும்பி வந்தால் இலவசமாக மறுபடி செய்ய வேண்டும். ஒரு ரீமேக் வந்தால் மூன்று கேப்பின் லாபம் போனது. தங்கச்சி, கிளினிக்கிலேயே பிளாஸ்டர் ஊற்றிக் காய்ந்தபிறகு அனுப்புங்கள். பத்து ரூபாய் பிளாஸ்டர்.

450 ரூபாய்க்குக் கேப் செய்து தருகிற லேபும் இருக்கிறது, 900-க்கும் இருக்கிறது. உலோகம் என்ன, பீங்கான் என்ன கம்பெனி, எத்தனை தடவை சுட்டது என்பதில்தான் வித்தியாசம். வாய்க்குள் போனபின் ஆறு மாதம் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எங்களுக்குக் காசு மூன்று மாதம் இழுப்பவர்களும் உண்டு. ஏப்ரல், மே மாதத்தில் நான் கடற்கரை டாக்டர்களைக் கேட்பதே இல்லை, அவர்கள் நிலைமை தெரியும்.

சேர் பக்கத்திலிருந்து | சனி, இரவு 9:47

நான் பல் கிளினிக்ல உதவியாளரா ஏழு வருஷமா இருக்கேன். எந்த ஊர்னு சொல்லல. சம்பளம் 8,500. காலைல ஒம்போதரைக்குப் போய்த் தொறந்து, கூட்டி, நேத்து கருவிய எல்லாம் கிருமி போக ஆவியில அவிக்கிற ஆட்டோகிளேவ்ல போட்டு எடுக்கணும். ராத்திரி எட்டரைக்குப் பூட்டணும்.

டாக்டர் வருமானத்தப் பத்திப் பேசுறீங்க. எங்க டாக்டர்கிட்ட வர்றவங்க பாதிப் பேரு முதல்ல பேசுறது எங்கிட்டத்தான். "யக்கா, ஊசி வலிக்குமா, அவரு சொல்றது நெசந்தானா, பல்ல எடுத்துரவா"ன்னு எங்கிட்ட கேட்டுட்டுத்தான் சரிம்பாங்க. நான் ரெண்டு மாசம் அம்மா ஆபரேசனுக்கு லீவுல இருந்தப்ப புதுப் புள்ள ஒண்ணு வந்துச்சு. வந்தவங்க சிகிச்சைய பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு டாக்டரே சொன்னாரு. ஆனா சம்பளம் 500 ஏத்த மூணு வருசம் ஆச்சு.

தங்கச்சி, நீங்க கிளினிக் போட்டா கூட நிக்கிற பொண்ணுக்கு ஒழுங்கா குடுங்க.

தொண்டிக்காரி | சனி, இரவு 10:15

அக்கா, கண்டிப்பா. காலேஜ்ல எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரல.

உப்புக்காற்று அண்ணா, அரசு ஓபி சார், ரொம்ப நன்றி. ஒண்ணு கேட்கலாமா? கிளினிக் போட எவ்வளவு முதல் வேணும்? ராமநாதபுரம் டவுன்ல போடறதா, தொண்டியிலயா? கேணிக்கரை, அரண்மனை பக்கம், புது பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்க பார்த்தாலும் பல் கிளினிக் போர்டு இருக்கு.

உப்புக்காற்று | சனி, இரவு 11:30

முதல் என்றால், சிக்கனமாகப் போனால் ஆறு லட்சத்துக்குள் முடிக்கலாம். இந்தியச் சேர் ஒன்று 1.5 லட்சத்தில் நன்றாகவே கிடைக்கிறது. கருவிகளுக்குக் காற்று தரும் கம்ப்ரசர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, கைக்கருவிகள், இன்வெர்ட்டர், கடைக்கு முன்பணம். எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு வேண்டும், கிளினிக்குக்கு மாவட்டத்தில் மருத்துவ நிறுவனப் பதிவு வேண்டும், கழிவு எடுக்க ஒப்பந்தம் வேண்டும். இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் கடற்கரையில் போடுபவர்களுக்கு மட்டும் வரும் ஒரு செலவு இருக்கிறது, அதை எந்தப் பட்டியலிலும் பார்க்க முடியாது. உப்பு.

என் கம்ப்ரசர் டாங்கின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. தினமும் காலையில் அதைத் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை இறக்க வேண்டும். முதல் வருடம் அது எனக்குத் தெரியாது. ஒருநாள் மெக்கானிக் வந்து திறந்து வெள்ளைத் துணியைப் பிடித்தார். காப்பித் தூள் கரைத்ததுபோல் துரு இறங்கியது. அந்தக் காற்றுத்தான் பல்லைக் குடையும் ஏரோட்டாருக்குப் போய்க்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு மூன்று லட்சம் தடவை சுற்றுகிற அந்தச் சின்ன டர்பைன், துரு ஏறியதும் முதலில் சத்தம் மாறும், பிறகு நடுங்கும், பிறகு நிற்கும். மாற்ற 2,000 ரூபாய். அந்த வருடம் ஐந்து மாற்றினேன். ஆட்டோகிளேவில் போர்வெல் தண்ணீரை ஊற்றியதில் உள்ளே சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகப் படிந்து சூடேறும் கம்பி போனது. அதற்கு 4,500. பல் பிடுங்கும் கொறடாக்கள் மூட்டில் இறுகிக்கொள்ளும். இப்போது டிஸ்டில்டு வாட்டர் கேன் தவிர எதையும் ஊற்றுவதில்லை. தினமும் திருகைத் திறக்கிறேன். கொறடா மூட்டுக்கு எண்ணெய். ரிப்பேருக்கு மாதம் 6,000 என்று எழுதினேனே, அது இப்படி அடிபட்டுக் கற்றது. உள்நாட்டில் கமுதியில் கிளினிக் வைத்திருக்கும் என் நண்பருக்கு இதில் பாதி கூட ஆகாது.

டவுனா, தொண்டியா என்பதற்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். டவுன் வேண்டாம். டவுனில் வாடகை 20,000. பக்கத்துக் கிளினிக் கேப்பை 2,500 என்றால் நீங்கள் 2,200 என்று இறங்க வேண்டும், அவர் 2,000 என்பார். கடைசியில் 450 ரூபாய் லேபில் போய் நிற்பீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, எஸ்.பி.பட்டினம், தேவிபட்டினம், அந்தப் பக்கம் சாயல்குடி வரை பாருங்கள். ஊர்கள் நெருக்கம், பல் டாக்டர்கள் கொஞ்சம்தான். தொண்டிக்காரர் ராமநாதபுரம் வரப் போக 100 கிலோமீட்டர் ஆகிறது. வேர் சிகிச்சைக்கு மூன்று தடவை அலைவதற்குப் பதில் பல்லைப் பிடுங்கிவிடுவார். ஊரிலேயே நீங்கள் இருந்தால் அந்தப் பல் பிழைக்கும்.

கீழக்கரை காக்கா | ஞாயிறு, காலை 9:20

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும், இது ஆம்பளை டாக்டருக்குத் தோணாது.

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி, இங்கெல்லாம் எங்க வீட்டுப் பொம்பளைங்க ஆம்பளை டாக்டர் முன்னாடி வாயைத் திறந்து ஒரு மணி நேரம் படுக்க ரொம்பக் கூசுவாங்க. எங்க உம்மா நாலு வருஷம் கடவாய்ப் பல் வலியோட கிராம்புத் தைலம் வச்சே ஓட்டுனாங்க. லேடி டாக்டர் ஒருத்தங்க பக்கத்து ஊர்ல கிளினிக் போட்டப்பதான் போனாங்க. அந்த டாக்டரம்மா உட்கார வச்சுப் பார்த்தா நாலு பல் எடுக்க வேண்டியிருந்துச்சு. அப்புறம் எங்க தெருவுல இருந்து மட்டும் பன்னெண்டு பேரு போயிருக்காங்க. உம்மா சொல்லி மாமி, மாமி சொல்லி ராத்தா, இப்படியே.

அந்த டவுன் டாக்டர் "பொண்ணு, கல்யாணமானா போயிடுவா"ன்னு உங்க சம்பளத்தைக் குறைச்சாரே, இங்க அதுவே உங்களுக்கு முதல், தங்கச்சி.

இன்னும் ரெண்டு விஷயம். வெளிநாட்ல இருக்கிறவங்க ஜூலை, ஆகஸ்ட்ல லீவுக்கு வருவாங்க. அங்க பல் வைத்தியம் விலை அதிகம்ங்கிறதால எல்லாத்தையும் ஊர்ல வந்து பார்ப்பாங்க. ஆனா மூணு வாரத்துல முடிச்சுக் குடுக்கணும், லேப் வேகமா தரணும். உலோகம் இல்லாத வெள்ளை ஜிர்கோனியா கேப்பை அவங்கதான் கேட்டுப் போடுவாங்க. தடைக்காலத்துல விட்டதை அதுல பிடிச்சுக்கலாம். அப்புறம் ரமலான் மாசம் பகல்ல கூட்டம் இருக்காது, தண்ணி தொண்டைக்குள்ள போயிருமோன்னு வர மாட்டாங்க. ராத்திரி தராவீஹ் தொழுகை முடிஞ்சு ஒம்போதரைக்கு மேல திறந்து வைங்க, பன்னெண்டு வரை ஆள் வரும்.

அரசு ஓபி | ஞாயிறு, காலை 10:02

காக்கா சொன்னது முழுக்க உண்மை. எங்கள் ஓபியிலும் முகத்திரை விலக்கத் தயங்கி, வீங்கிய கன்னத்தோடு மாத்திரை மட்டும் கேட்பவர்கள் உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. உடனே போடாதீர்கள். கல்லூரியில் செய்த வேலையை வைத்து ஊரில் உட்கார்ந்தால், முதல் வருடத்தில் ஒரு வேர் சிகிச்சை கெட்டுப்போனாலும் ஊர் முழுதும் பேசும். சின்ன ஊரில் நல்ல பெயர் தெருத் தெருவாகப் போவதுபோலத்தான் கெட்ட பெயரும். இரண்டு வருடம் எங்காவது நிறையக் கை வைக்கக் கிடைக்கும் இடத்தில் இருங்கள்.

வடக்குத் தெரு அமெரிக்கா | ஞாயிறு, காலை 10:40

ராமேஸ்வரத்துக்காரன், இப்போது டெக்ஸாஸில். என் மனைவி இங்கே பல் மருத்துவர். இங்கே பொதுப் பல் மருத்துவரின் நடுவாந்தர வருமானம் வருடத்துக்கு 1.6 லட்சம் டாலரைத் தாண்டும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் படித்து வெளியே வருகிறவர்களின் கடன் சராசரி 3 லட்சம் டாலரை ஒட்டி. இந்தியப் பட்டத்தோடு வந்தால் இங்கே மறுபடி இரண்டு, மூன்று வருடம் கல்லூரியில் படித்துத்தான் உரிமம். இங்கேயும் அதே பேச்சுத்தான்: கலெக்‌ஷனில் எத்தனை சதவீதம், லேபு யார் கணக்கு. காப்பீடு இருப்பதால் வலி வரும் முன்னே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறார்கள். பெரிய வித்தியாசம் அது ஒன்றுதான்.

உப்புக்காற்று | ஞாயிறு, மதியம் 12:15

டெக்ஸாஸ்காரர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். இங்கே என்னிடம் வருகிறவர்களுக்குப் பல்லுக்குக் காப்பீடு கிடையாது. ஒவ்வொரு ரூபாயும் அவர்கள் மடியில் இருந்து வருகிறது. வலி வந்தபின் வருகிறவரிடம் நான் பேசுவதற்கு எதுவும் மிச்சமிருப்பதில்லை.

அதனால் நான் ஏழாவது வருடத்தில் ஒன்று செய்தேன். இரண்டாம் சனிக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போனேன். காசு இல்லை. பிள்ளைகள் வாயைப் பார்த்து, சொத்தை இருந்தால் ஒரு சீட்டில் எந்தப் பல் என்று எழுதிக் கொடுத்தேன். என் கிளினிக் பெயர் அதில் இல்லை, எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள் என்று எழுதினேன். மூன்று மாதம் ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு அம்மா அந்தச் சீட்டை நாலாக மடித்து மணிபர்சில் வைத்துக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைக்கு அடைத்தேன், 500 ரூபாய். அடுத்த மாதம் இளையவன். அப்புறம் அந்த அம்மாவுக்கே. இன்றைக்கு என்னிடம் வலி இல்லாமல் வருகிறவர்கள் பத்தில் மூன்று பேர். மே மாதத்திலும் வருகிறவர்கள் அவர்கள்தான். நான்காவது வருடம் 20,000-இல் நின்ற வருமானம் இந்த அளவுக்கு வந்ததற்கு, புதுச் சேரையும் டிஜிட்டல் எக்ஸ்ரேயையும் விட அந்தச் சீட்டுக்குத்தான் பங்கு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று, தங்கச்சி. டார்கெட் வைக்கிற இடத்துக்குப் போகாதீர்கள். 22,000 என்பது இப்போது பெரிதாகத் தெரியும். மாதக் கடைசியில் தொகை குறையும்போது, அடைத்தால் போதும் என்ற பல்லுக்குக் கேப் போடச் சொல்வார்கள். ஒரு தடவை செய்துவிட்டால் கைக்கு அது பழகிவிடும். அந்தக் கையோடு நம் ஊருக்கு வர வேண்டாம்.

தொண்டிக்காரி | ஞாயிறு, இரவு 8:50

நேத்துல இருந்து எல்லாத்தையும் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டிட்டு இருக்கேன். உப்புக்காற்று அண்ணா கணக்கை அப்பா தனியா ஒரு தாள்ல எழுதிக்கிட்டார். "படகு மாதிரித்தாம்மா. டீசல், ஐஸ், ஆள் கூலி போகத்தான் மீனு நம்மளது"ன்னார். எனக்கு அப்பதான் நல்லா புரிஞ்சுது.

நான் யோசிச்சது இது. சென்னை வேண்டாம். பயிற்சி முடிஞ்சதும் ஒப்பந்தப் பணிக்கு விண்ணப்பம் போடறேன். அது வர்ற வரைக்கும் டவுன் கிளினிக்ல கேட்டுப் பார்க்கிறேன், ஆனா 12,000-க்கு இல்ல. வேர் சிகிச்சையில எனக்குப் பங்கு தரணும்னு கேட்பேன். ரெண்டு வருஷம் கழிச்சுத் தொண்டியில அத்தை வீட்டு முன் அறை இருக்கு, வாடகை வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

உப்புக்காற்று அண்ணா, ஒரே ஒரு கேள்வி. லீவு நாள்ல உங்க கிளினிக்குக்கு வந்து ஓரமா நின்னு பார்க்கலாமா?

உப்புக்காற்று | ஞாயிறு, இரவு 9:14

ஓரமாக எதற்கு, பக்கத்தில் நில்லுங்கள். கிளினிக் போன் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு மதுரையில் இருந்து சர்ஜன் வருகிறார், இரண்டு ஞானப்பல் இருக்கிறது. காலை எட்டரைக்கு வந்துவிடுங்கள். கம்ப்ரசர் திருகைத் திறந்து தண்ணீர் இறக்குவதில் இருந்து பார்க்கலாம்.

சேர் பக்கத்திலிருந்து | ஞாயிறு, இரவு 9:32

டாக்டர், எங்க கிளினிக்ல அந்தத் திருகை யாரும் தொறந்ததே இல்ல. நாளைக்குக் காலைல நான் தொறக்கட்டுமா, இல்ல மெக்கானிக்கைக் கூப்பிடணுமா?

உப்புக்காற்று | ஞாயிறு, இரவு 9:40

நீங்களே திறக்கலாம்மா. முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். காற்று முழுதும் வெளியே போகட்டும், முள் பூஜ்யத்துக்கு வந்ததா என்று பாருங்கள். பிறகு அடியில் ஒரு பழைய தட்டை வைத்து மெதுவாகத் திருகுங்கள். தண்ணீர் முழுதும் வடியும்வரை விடுங்கள். ரொம்ப நாள் திறக்காதது என்றால் இறுகியிருக்கும், அழுத்திப் பலம் கொடுக்காதீர்கள், அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். என்ன நிறத்தில் வந்தது என்று நாளைக்கு இங்கே எழுதுங்கள்.